பழைய கார் பிரேக்: முதலில் காலால் பாருங்கள்

என்னிடம் இருபது வயதைத் தாண்டிய சின்ன கார் ஒன்று இருந்தது. ஒருநாள் அதன் பிரேக் பெடல் பாதிக்கும் கீழே இறங்கிய பிறகுதான் பிடிக்க ஆரம்பித்தது. உடனே இரண்டாவது தடவை மிதித்தால் ஒழுங்காகப் பிடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாஸ்டர் சிலிண்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினார்கள். காசைக் கொடுத்து வண்டியை எடுத்து வந்தால் அதே பள்ளம், அதே இரண்டாவது மிதி.

அப்புறம் மரத்தடியில் கடை போட்டிருந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை ஒருமுறை மிதித்தார். பிறகு ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மறுபடி மிதித்தார். "இப்ப நீங்க மிதிச்சுப் பாருங்க தம்பி" என்று எழுந்துகொண்டார். பெடல் மேலேயே நின்றது. "பின்னாடி ஷூ டைட் வைக்கணும், அவ்வளவுதான்." அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் கால் பிரேக் ஏன் சரியானது? இது புரிந்துவிட்டால் பழைய கார் பிரேக்கில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. அதற்கு முதலில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மருந்துக் கடையில் ஊசி போடும் சிரிஞ்சு இரண்டு வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, ஒரு மெல்லிய டியூப்பால் இரண்டையும் இணையுங்கள். உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் அப்போதே வெளியே வரும். இப்போது டியூப்பில் ஒரு சின்னக் காற்றுக் குமிழியை விட்டு அழுத்துங்கள். முதலில் குமிழி நசுங்கும், அதன் பிறகுதான் மறுபக்கம் அசையும். விரலுக்கு ஏதோ ரப்பரை அழுத்துவதுபோல இருக்கும். திரவத்தை நசுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும் என்று பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி படித்தோமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. காரின் பிரேக் இந்த சிரிஞ்சு விளையாட்டின் பெரிய வடிவம்.

பெடல் ஒரு நெம்புகோல். நம் கால் கொடுக்கும் விசையைச் சில மடங்காக்கி மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் இரும்புக் குழாய்கள் வழியாகவும், சக்கரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் போய்ச் சேருகிறது. ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, வேறு வகை ரசாயனம். பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். 1983 கடைசியில் வந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 மாதிரியான சின்ன கார்களில் முன் சக்கரத்துக்கு டிஸ்க், பின் சக்கரத்துக்கு டிரம் என்பதுதான் வழக்கமான அமைப்பு. டிஸ்க்கை இரண்டு பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும். டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் வெளிப்பக்கமாக விரிந்து அதன் உள்சுவரை உரசும். பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத்தான்.

டிஸ்க்கில் பேடு எப்போதும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டேதான் இருக்கும். தேயத் தேய பிஸ்டன் தானாக வெளியே வந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். டிரம்மில் அப்படி இல்லை. பிரேக்கை விட்டதும் ஸ்பிரிங் ஷூக்களைப் பின்னால் இழுத்துவிடும். ஷூ தேய்ந்துகொண்டே போனால் அதற்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடும். சில கார்களில் அதைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இருக்கும். பழைய வண்டியில் அது துருவேறி உட்கார்ந்துவிடும். அப்போது நீங்கள் மிதிக்கிற முதல் மிதி முழுக்க அந்த இடைவெளியைக் கடப்பதற்கே செலவாகிவிடும். ஷூ திரும்பிப் போவதற்குள் அடுத்த மிதி வந்தால் பெடல் மேலேயே பிடிக்கும்.

ஹேண்ட் பிரேக்கோ கேபிள் வழியாக அதே பின் ஷூக்களை இழுத்து டிரம் பக்கம் கொண்டுபோய் வைக்கிறது. இடைவெளி இல்லாமல் போகிறது, பெடல் மேலே நிற்கிறது. மரத்தடிப் பெரியவர் பார்த்தது இதைத்தான். பெடல் கீழே இறங்கும் எந்தப் பழைய காருக்கும் முதல் சோதனை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். பைசா செலவில்லை, வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம்.

பெடல் சொல்லும் மற்ற விஷயங்கள்

இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு பெடல் மேலே வருகிறது, ஆனால் காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் லைனுக்குள், அதாவது ஆயில் போகும் குழாய்களுக்குள், காற்று புகுந்திருக்கிறது. முன்னே சொன்ன ஷூ இடைவெளிக்கும் இதற்கும் வித்தியாசம் அந்த உணர்வில்தான் இருக்கிறது. இடைவெளி என்றால் மேலே வந்த பெடல் கல் மாதிரி நிற்கும். காற்று என்றால் மேலே வந்தும் ஸ்பிரிங் போல அசையும். காற்று தானாகப் புகாது. ஒன்று, யாரோ லைனைக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். இல்லை, எங்கோ ஆயில் ஒழுகித் தொட்டி காலியாகியிருக்க வேண்டும். காற்றை மட்டும் எடுத்துவிட்டு ஒழுக்கைத் தேடாமல் விட்டால் அடுத்த மாதம் மறுபடி அதே கதைதான்.

மாஸ்டர் சிலிண்டர் நிஜமாகவே போயிருந்தால் பெடல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வண்டி நிற்கும்போது பெடலை மிதமாக அழுத்தி அப்படியே அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருங்கள். கால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறதா? வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் இது நடந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, அழுத்தம் உள்ளுக்குள்ளேயே பின்னால் கசிகிறது என்று அர்த்தம். சிக்னலில் நிற்கும்போது பலர் இதை உணர்ந்திருப்பார்கள். நின்ற வண்டியில் கால் மட்டும் தானாகக் கீழே போகும். இந்த நிலையில் வண்டியை ஓட்ட வேண்டாம்.

இதற்கு நேர் எதிராக, பெடல் இறங்கவே மாட்டேன் என்று மரக்கட்டை மாதிரி இருந்தால் பூஸ்டரைப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பெரிய வட்ட டப்பா மாதிரி இருக்குமே, அதுதான். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை வாங்கி அது நம் காலுக்கு ஒத்தாசை செய்கிறது. சோதிப்பது சுலபம். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பெடலை மிதியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்துவிடும். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கிக் கொடுத்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால் பூஸ்டரோ அதற்குப் போகும் ஹோஸோ கெட்டிருக்கிறது. பூஸ்டர் விலை கேட்டு மயங்கி விழுவதற்கு முன் அந்த ஹோஸை விரலால் நசுக்கிப் பாருங்கள். பழைய வண்டிகளில் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் காய்ந்து வெடித்திருப்பது அதுவாகவே இருக்கலாம். மலையில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை ஆஃப் செய்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டரின் உதவி இல்லாமல் வெறும் கால் பலத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும்.

பெடல் காலுக்குக் கீழே துடிதுடித்தால் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லை, அல்லது டிரம் வட்டம் மாறிப் போயிருக்கிறது. ஸ்டீயரிங்கும் சேர்ந்து நடுங்கினால் பெரும்பாலும் முன் டிஸ்க். லேத்தில் கொடுத்துக் கடைசல் பிடிக்கலாம். ஆனால் டிஸ்க்குக்குக் குறைந்தபட்சத் தடிமனும் டிரம்முக்கு அதிகபட்ச விட்டமும் உண்டு, அந்தப் பொருளிலேயே பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டிக் கடைந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இழுக்கிற வண்டி, சூடாகிற சக்கரம்

பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. எந்தச் சக்கரத்தைப் பார்ப்பீர்கள்? புதிதாக வண்டி பார்க்கிறவர்கள் இடது சக்கரத்தைக் கழற்றுவார்கள். பாவம், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். பிடிக்காமல் டிமிக்கி கொடுப்பது அனேகமாக வலது பக்கம். அங்கே காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கோடு கவ்வ வைக்கும் பாகம்) பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம், பேடில் கிரீஸ் பட்டிருக்கலாம்.

பிரேக்கே போடாதபோதும் ஒரு பக்கம் இழுத்தால் கதை மாறும். அப்போது இழுக்கிற பக்கத்துச் சக்கரமே பிடித்த பிடியை விடாமல் இருக்கிறது. பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் ரிம்முக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். தோசைக்கல் மாதிரி அனல் அடிக்கும் சக்கரம்தான் குற்றவாளி. அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

பிடித்த பிடியை விடாததற்குக் காலிப்பர் காரணமா, ஹோஸ் காரணமா? பழைய ரப்பர் ஹோஸ் ஒரு விசித்திரமான நோயாளி. வெளியே பளபளவென்று இருக்கும், உள்சுவர் ஊதிப் பாதையை அடைத்திருக்கும். நாம் மிதிக்கும் பலத்தில் ஆயில் அந்த அடைப்பைத் தாண்டிப் போய்விடும், திரும்பி வர வழி கிடைக்காது. இதைக் கண்டுபிடிக்க, அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்ற முடியாமல் இறுக்கமாக இருக்கும்போதே காலிப்பரில் இருக்கும் பிளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகை, கொஞ்சம் தளர்த்துங்கள். பீய்ச்சிக்கொண்டு ஆயில் வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே மாட்டியிருந்தது என்று தெரிகிறது, சந்தேகம் ஹோஸ் மேலோ அதற்கு முன்னால் மாஸ்டர் சிலிண்டர் மேலோ போகும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் பெரும்பாலும் ஹோஸ். நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் சுற்றவில்லையா, பிஸ்டனோ காலிப்பர் நகரும் பின்னோ துருவில் சிக்கியிருக்கிறது.

சத்தத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு வரும் கரகரப்பு டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, தானாகப் போய்விடும். எப்போதும் வரும் 'கீச்' பேடு தேய்ந்துவருவதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் 'கர்ர்ர்' கேட்டால் பேடு முழுசாகத் தீர்ந்து அதன் தகடு டிஸ்க்கைத் தின்றுகொண்டிருக்கிறது. பேடில் மிச்சம் 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிட்டால் டிஸ்க் பிழைக்கும்.

டிகாஷன் நிறத்தில் இருந்தால்

பிரேக் ஆயில் தொட்டியை எட்டிப் பாருங்கள். புது ஆயில் வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும். பல பழைய கார்களில் அது ஃபில்டர் காபி டிகாஷன் மாதிரி கறுத்துக் கிடக்கும். நிறம்கூடப் பெரிய பிரச்சினை இல்லை. இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் குணம் கொண்டது. டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230-ம் 155-ம்.

ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் தெரியும். சூடு ஏறி ஆயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியானால் சிரிஞ்சில் பார்த்தோமே, அந்தக் குமிழிதான். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொண்டால் பிரேக்குக்குச் சூடாகிற வேலை குறையும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றிவிடுங்கள். மூடியில் எந்த டாட் என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, அது சிலிகான், மற்றவற்றோடு சேரவே சேராது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் அத்தனை ரப்பரும் ஊதிக் கெட்டுப்போகும்.

தொட்டியில் அளவு மெல்ல இறங்கினால் உடனே ஒழுகல் என்று பயப்பட வேண்டாம். பேடு தேயும்போது பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், தொட்டியில் குறையும். திடீரென்று குறைந்தால்தான் தேட வேண்டும். நான்கு சக்கரத்தின் உள்பக்கம், பின் டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடி, மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம், பெடலுக்கு மேலே கார்பெட் எல்லாம் தொட்டுப் பாருங்கள். வீல் சிலிண்டர் ஒழுகினால் ஷூ நனைந்திருக்கும். நனைந்த ஷூவைத் துடைத்துப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஏர் எடுப்பது

லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. வீட்டில் செய்யக்கூடிய பிரேக் வேலைகளில் இது ஒன்று, ஆனால் இரண்டு ஆள் வேண்டும். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு முதல் தடவை செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடக் கூடாது, கீழே ஸ்டாண்டு கட்டாயம். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பிப்பார்கள். வலது பக்கம் ஸ்டீயரிங் உள்ள நம் கார்களில் அது பின் இடது. சில வண்டிகளுக்கு வரிசை மாறும், கையேடு இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூப்பை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முக்கிவிடுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மூன்று முறை மெதுவாக மிதித்து, கடைசி மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிருக்கேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் திருப்பு திறப்பார். பெடல் கீழே போகும், டியூப்பில் குமிழிகள் ஓடும். நிப்பிளை மூடிய பிறகு "விடு" என்பார். அதன் பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒருமுறை பிசகினால் வெளியே போன காற்று அப்படியே திரும்பி உள்ளே போகும். நானும் என் தம்பியும் முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதில் சண்டை போட்டோம். அவன் "பிடிச்சிட்டேன்" என்பதற்குள் நான் திறந்துவிடுவேன்.

குமிழி வருவது நிற்கும் வரை செய்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். நாலைந்து மிதிக்கு ஒருமுறை தொட்டியை நிரப்ப மறக்காதீர்கள். தொட்டி காலியானால் மேலிருந்தே காற்று புகுந்து செய்த வேலை எல்லாம் வீணாகும். பாட்டிலில் பிடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட்டை உரித்துவிடும்.

பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், இரும்புக் குழாய் மாற்றுவது இதெல்லாம் கைதேர்ந்தவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது. அவர்களிடம் போகும்போது "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், "முதல் மிதி இறங்குது, ஹேண்ட் பிரேக் இழுத்தா மேல நிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் ஒரு சின்ன மரியாதை தெரியும், பில்லும் கொஞ்சம் குறையலாம்.

பேடு மாற்றிய பிறகு வண்டியை எடுக்கும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்துக்கொள்ளுங்கள். பின்னால் தள்ளிவைத்த பிஸ்டன் பேடைத் தொடும் வரை முதல் மிதியில் பிரேக் இருக்காது. இதை மறந்து கேட்டில் முட்டியவர்கள் உண்டு. பிறகு காலித் தெருவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் நாலு தடவை நிறுத்திப் பாருங்கள். அன்று ராத்திரி நான்கு சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் காப்பி குடிப்பதற்கு முன் குனிந்து பாருங்கள், எந்தத் தாளில் பிரேக் ஆயில் கறை விழுந்திருக்கிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.